ஹேவ்லாக்கில் கல்யாணம்: முதலில் படகைப் பிடியுங்கள்

கேட்டவர் திருச்சிக்காரர். மாமா மகனுக்கு வரும் பிப்ரவரியில் அந்தமான் ஹேவ்லாக் தீவில் கல்யாணம். வியாழன் மாலை மெஹந்தி, வெள்ளி விடியற்காலை ராதாநகர் கடற்கரை ஓரமாக ஒரு ரிசார்ட்டில் முகூர்த்தம். இவர்கள் பக்கத்தில் இருந்து பதினாலு பேர் கிளம்புகிறார்கள். அதில் 76 வயதுப் பாட்டி ஒருவர், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. கல்யாணம் நடக்கும் ரிசார்ட்டின் வாடகை கையைக் கடிக்கிறது. "விமானம் எப்போது போடுவது, எங்கே தங்குவது, என்ன எடுத்துப் போவது?" என்பது கேள்வி.

சென்னையில் பயண ஏற்பாடு செய்வது என் தொழில். அந்தமானுக்கு வருஷத்துக்கு நாலைந்து கல்யாணக் கூட்டத்தையாவது அனுப்பி வைக்கிறேன், சிலவற்றுக்கு நானே கூடப் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லாரும் செய்யும் முதல் தப்பு, மலிவாக ஒரு விமான டிக்கெட் கண்ணில் பட்டதும் அதை வாங்கிவிடுவது. ஹேவ்லாக்கில் விமானம் இறங்காது. போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து படகில்தான் போக வேண்டும். உங்கள் பயணம் அந்தப் படகின் கையில் இருக்கிறது. ஆகவே கல்யாண நாளில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எந்தப் படகில் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும், அந்தப் படகுக்கு எப்போது போர்ட் பிளேரில் இருக்க வேண்டும், அதற்கு எந்த விமானம். இந்த வரிசை மாறினால்தான் வம்பு.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேவ்லாக்கின் அரசுப் பெயர் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில், அறிவிப்புப் பலகையில், ஆட்டோக்காரர் வாயில் என்று பழைய பெயரும் புதுப் பெயரும் கலந்து வரும். போன வருஷம் ஒரு பெரியவர், "நமக்கு ஹேவ்லாக் டிக்கெட் போடச் சொன்னா எவனோ ஸ்வராஜ் த்வீப்னு போட்டிருக்கானே" என்று படகுத்துறையில் இருந்து எனக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். வீட்டில் எல்லாருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, படகு. போர்ட் பிளேருக்கும் ஹேவ்லாக்குக்கும் இடையே இரண்டு வகைப் படகு ஓடுகிறது. தனியார் அதிவேகப் படகுகள் ஹேடோ துறையில் இருந்து கிளம்பும், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சேர்த்துவிடும். உள்ளே ஏசி, எண் போட்ட இருக்கை, டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கலாம். அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே துறையில் இருந்து போகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கட்டணம் மிகவும் குறைவு, ஆனால் தீவு மக்கள் மருத்துவத்துக்கும் சந்தைக்கும் போய்வர அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். பதினாலு டிக்கெட் ஒன்றாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் கூட்டத்துக்குத் தனியார் படகுதான். இரண்டு துறையும் வேறு வேறு இடம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வண்டிக்காரரிடம் வெறுமனே "ஜெட்டி" என்று சொன்னால் அவர் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடுவார்.

காலை விமானத்தில் இறங்கி அன்றைக்கே மதியப் படகைப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். பிடிக்கலாம், பலர் பிடிக்கிறார்கள். நானே 2019இல் ஒன்பது பேர் கொண்ட கூட்டத்துக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். பதினொன்றரைக்கு இறங்க வேண்டிய விமானம் சென்னையிலேயே தாமதமாகி, ஒன்றே முக்காலுக்குப் போய் இறங்கியது. இரண்டு மணிப் படகு போய்விட்டது. அதோடு அன்றைய படகுகள் முடிந்தன. மறுநாள் காலைப் படகில் ஐந்து இடம்தான் கிடைத்தது. பெண்ணின் தாய்மாமன் போர்ட் பிளேர் லாட்ஜில் உட்கார்ந்திருந்தார். அவர் போட வேண்டிய மாலை, முன்னாடியே போனவர்களோடு ஹேவ்லாக்கில் இருந்தது. மறுநாள் மதியம் அவர் வந்து சேரும் வரை நலங்கை நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கு அந்தத் தாய்மாமன் என்னைத் திட்டியது நியாயம்தான். அதற்கப்புறம் கல்யாணத்துக்குப் போகிற யாருக்கும் ஒரே நாளில் விமானமும் படகும் போட்டுக் கொடுப்பதில்லை.

உங்கள் தேதிகளுக்கு என் கணக்கு இப்படி வரும். செவ்வாய்க்கிழமை சென்னை. புதன் காலை விமானம், அன்று இரவு போர்ட் பிளேரில் தங்கல். வியாழன் காலைப் படகு, மாலையில் மெஹந்தி. வெள்ளி கல்யாணம். சனி ஓய்வு, அல்லது தீவைச் சுற்றிப் பார்ப்பது. ஞாயிறு படகில் திரும்பி மறுபடி ஓர் இரவு போர்ட் பிளேர், திங்கள் காலை விமானம். லீவு கிடைக்காதவர்கள் சனிக்கிழமையே படகேறி ஞாயிறு விமானத்தைப் பிடிக்கலாம். ஆனால் திரும்பும்போதும் படகும் விமானமும் ஒரே நாளில் வேண்டாம். போகும்போது தவறினால் கல்யாணம் போகும், வரும்போது தவறினால் பதினாலு விமான டிக்கெட் போகும்.

பிப்ரவரி என்பதில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஜனவரி கடைசியில் இருந்து ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதன் பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சின்னங்களின் காலம். 2016 டிசம்பர் தொடக்கத்தில் உருவான தாழ்வு மண்டலத்தில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் படகில்லாமல் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன. பின்னாடி அதேதான் வர்தா புயலாகி நம் சென்னைக்கு வந்தது. உங்கள் மாதத்தில் அந்தப் பயம் பெரிதாக இல்லை. இருந்தாலும் கடல் கடல்தான், காற்று அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அதற்காகத்தான் அந்த ஒரு நாள் இடைவெளி.

இனி விமானம். திருச்சியில் இருந்து நேரடி விமானம் கிடையாது, சென்னை வழியாகத்தான். சென்னையில் இருந்து இரண்டு மணி நேரம் சொச்சம். காலையில் கிளம்பும் விமானமாகப் பார்த்துப் போடுங்கள். ஒன்று தள்ளிப்போனாலும் அன்றைக்கே இன்னொன்றில் ஏறிக்கொள்ள வழி இருக்கும். காலை விமானத்துக்கு ராத்திரி ரயிலில் வந்து நேராக ஏர்போர்ட் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் எல்லாம் போச்சு. முதல் நாளே வந்துவிடுங்கள். வரும்போது எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையம் பக்கம், பல்லாவரத்திலோ மீனம்பாக்கத்திலோ அறை எடுத்தால் காலை அவசரம் பாதி குறையும்.

இணையத்தில் பலரை ஒரே முன்பதிவாகச் சேர்த்துப் போட்டுப் பார்க்காதீர்கள். குறைந்த விலையில் நாலு இருக்கைதான் மிச்சம் என்றால், அந்த முன்பதிவில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து அடுத்த படியின் கூடுதல் விலையைக் காட்டும். நாலு நாலாகப் பிரித்துப் போட்டால் முதல் நாலு பேராவது குறைந்த விலையில் போவார்கள். இன்னொரு வழி, விமான நிறுவனத்திடம் குழுக் கட்டணம் கேட்பது. பத்துப் பேருக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கொடுப்பார்கள். விலை எப்போதும் மலிவாக இருக்கும் என்று இல்லை, ஆனால் முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவிட்டுப் பெயர்களைப் பிறகு கொடுக்கலாம். "சித்தப்பா வருவாரா மாட்டாரா" என்று கடைசி வாரம் வரை இழுக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி.

அசல் அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்க வேண்டும். விமானத்துக்குப் போலவே படகிலும் பார்ப்பார்கள். கைக்குழந்தைக்கும் படகு டிக்கெட் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உங்கள் உறவில் சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டில் யாராவது வருவதாக இருந்தால், அவர்கள் இந்திய விசாவோடு அந்தமானுக்கான வெளிநாட்டவர் விதிகளையும் டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வப்போது மாறுகிற விதிகள் அவை.

இப்போது தங்கும் இடம். ஹேவ்லாக்கின் கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். படகு இறங்கும் துறையில் இருந்து கொஞ்ச தூரத்தில் கோவிந்த் நகர், மூன்றாம் எண் கடற்கரை. கடைத்தெரு அங்கேதான். அதைத் தாண்டி விஜய் நகர், ஐந்தாம் எண் கடற்கரை. நிறைய ரிசார்ட்டுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கல்யாணம் நடக்கும் ராதாநகர், ஏழாம் எண், தீவின் மறுபக்கம். துறையில் இருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல, ஏறி இறங்கும் சாலையில் அரை மணி நேரம். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதே, அதுதான் ராதாநகர். அங்கே தங்குமிடங்கள் சிலதான், அவையும் பெரும்பாலும் விலை கூடியவை.

உங்கள் கூட்டத்துக்கு நான் கோவிந்த் நகரைச் சொல்வேன். பார்க்க அழகு என்றால் விஜய் நகர்தான். ஆனால் பதினாலு பேர், பாட்டி, குழந்தை என்றால் அழகை விட மருந்துக்கடை, பால், இட்லி கிடைக்கிற ஹோட்டல், கூப்பிட்டால் வருகிற ஆட்டோ இவைதான் முக்கியம். ஐந்து அறை, ஒரே இடத்தில். பாட்டிக்குத் தரைத்தள அறை. மூங்கில் குடில் படத்தில் நன்றாக இருக்கும், இரவில் பல்லியும் தவளையும் உள்ளே வரும். பாட்டிக்குப் பழக்கம் இருக்கலாம், உங்கள் வீட்டுச் சின்னப் பெண்கள் அலறுவார்கள்.

"கடல் பார்த்த அறை" என்று கூடுதலாகக் காசு வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூன்றாம் எண், ஐந்தாம் எண் கடற்கரைகளில் வற்றம் இறங்கும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். காலையில் வாசலில் அலை அடித்த இடத்தில் மதியம் பாறையும் சேறுமாகக் கிடக்கும், அதன் மேல் சாய்ந்து நிற்கும் மரப்படகுகள். குளிக்க முடியாது. பார்க்க அதுவும் ஓர் அழகுதான், ஆனால் அறைக்கு இரண்டாயிரம் கூடக் கொடுக்கும் அழகு இல்லை. ராதாநகர் பக்கம் இந்தத் தொல்லை கிடையாது.

அறை பதிவு செய்யும்போது ரேட்டைக் கேட்பதோடு விடாமல் இன்னும் சிலதைக் கேளுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, இல்லை விளக்கும் விசிறியும் மட்டும்தானா? விடியற்காலை நாலு மணிக்கு வெந்நீர் வருமா? கல்யாணத்தன்று காலை நாலரைக்கு ஒரு டீ போட்டுத் தருவார்களா? சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப் பாத்திரம் உண்டா? தீவில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு பாகிஸ்தானில் இருந்து வந்த வங்காளிகள். மீன் அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு, கடுகெண்ணெய் வாசம் எங்கேயும் இருக்கும். காய்கறியில் கணிசமானது கப்பலில் வருகிறது. சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் பாட்டி எதிர்பார்க்கும் சாப்பாடு கிடைக்காது. ஒரு டப்பாவில் பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், கொஞ்சம் அவல். இது போதும். போர்ட் பிளேரில் அந்தக் கவலை இல்லை. அங்கே தமிழர்கள் நிறையப் பேர், அபர்டீன் பஜார் பக்கம் தமிழிலேயே பேசிச் சாப்பிட்டுவிட்டு வரலாம். முதல் இரவை அந்தப் பக்கமே போடுங்கள். செல்லுலார் சிறையும் பக்கம்தான், புதன் மாலை அதைப் பார்த்துவிடலாம்.

கல்யாணத்தன்று காலை வண்டியை வியாழக்கிழமையே பேசி முடித்துவிடுங்கள். கோவிந்த் நகரில் இருந்து ராதாநகருக்கு விடியற்காலையில் ஆட்டோ தேடினால் கிடைக்காது. பெண் வீட்டார் வண்டி விடுகிறார்களா என்று கேளுங்கள். விடவில்லை என்றால் இரண்டு டாக்ஸி பேசி, ஓட்டுநர் எண்ணை வாங்கி, முதல் நாள் இரவு ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள்.

முகூர்த்தம் என்றதும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதை அழைப்பிதழ் அடித்தவர்களே பல சமயம் யோசிப்பதில்லை. அந்தமானில் கடிகாரம் நம் இந்திய நேரம்தான், ஆனால் சூரியன் அந்த ஊர்ச் சூரியன். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்கரேகையில் பன்னிரண்டரை பாகை வித்தியாசம், ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். ஆக, சென்னையை விட ஐம்பது நிமிஷம் முன்னாடியே அங்கே பொழுது விடிந்துவிடும். பிப்ரவரி நடுவில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் வந்துவிடும், மாலை ஐந்தரைக்குள் போயும் விடும். லக்னமும் அதே கணக்கில் முன்னால் நகரும். சென்னைப் பஞ்சாங்கத்தில் ஆறு முதல் ஏழரை என்று குறித்த முகூர்த்தம் அங்கே ஏறக்குறைய ஐந்து பத்து முதல் ஆறு நாற்பது. விவரமான ஜோசியர் அந்தமானுக்கே கணித்துக் கொடுத்திருப்பார். கொடுக்கவில்லை என்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் புரோகிதர் கண்டுபிடித்து, திடீரென்று ஐம்பது நிமிஷம் முன்னால் இழுப்பார். நான் பார்த்த ஒரு கல்யாணத்தில் அது நடந்தது. வெளியே வேறு ஹோட்டல்களில் தங்கியிருந்தவர்களுக்குத் தகவல் போகவில்லை, பாதிப் பேர் வந்தபோது தாலி கட்டி முடிந்து காபி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மாமாவிடம் இப்போதே ஒரு வார்த்தை கேளுங்கள்: "பத்திரிகையில் போட்ட நேரம் அந்தமானுக்குக் கணித்ததா?"

மாலை நிகழ்ச்சிக்கும் இதே கணக்குதான். "ஆறு மணிக்கு சூரிய அஸ்தமனத்தில் போட்டோ" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குக் கும்மிருட்டாக இருக்கும். புடவை கட்டி முடித்து நாலேகாலுக்குக் கடற்கரையில் நின்றால்தான் வெளிச்சம் கிடைக்கும்.

உடைக்கு வருவோம். கனத்த காஞ்சிபுரம் ஒன்று போதும், முகூர்த்தத்துக்கு. மற்ற வேளைக்கெல்லாம் மெல்லிய பட்டு, பருத்தி. உப்புக் காற்றில் பட்டு உடம்போடு ஒட்டும், சரிகை ஈரம் வாங்கும். கட்டி அவிழ்த்ததும் மடித்துப் பெட்டியில் வைக்காமல் ஏசி அறையில் ஒரு மணி நேரம் விரித்துப் போடுங்கள். குதிகால் செருப்பு மணலில் புதையும், தட்டைச் செருப்பே நல்லது. ஆண்களுக்கு வேட்டியை மிஞ்சிய உடை அந்த ஊருக்கு இல்லை, இரண்டு பெல்ட் எடுத்துக்கொள்ளுங்கள், காற்று பலமாக அடிக்கும்.

மல்லிகைப்பூவை இங்கிருந்துதான் எடுத்துப் போக வேண்டும். பிப்ரவரியில் பூ வரத்து குறைவு, விலை கூடவே இருக்கும். மலராத மொட்டாக வாங்கி, தளரக் கட்டி, வாழை இலையில் சுற்றி, ஈரத் துணி மேலே போட்டுக் கைப்பையில் வைத்தால் தாங்கும். போர்ட் பிளேர் ஹோட்டலில் இரவு குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் கூடாது. இரண்டும் தீப்பிடிக்கும் பொருள் கணக்கு, பெட்டியைத் திறக்க வைத்து எடுத்துவிடுவார்கள். பூஜைச் சாமானை மொத்தமாகக் கட்டிக் கொடுத்து அனுப்பும் பெரியம்மாக்கள் கவனிக்க. தாம்பூலத்தில் வந்த தேங்காயையும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். கொப்பரையைப் பெட்டியில் வைக்கத் தடை இருக்கிறது, முழுத் தேங்காய்க்கும் கொப்பரைக்கும் வித்தியாசம் சொல்லி சோதனை செய்பவரோடு வாதாட விமான நிலையம் இடமில்லை.

அன்பளிப்பாகக் குத்துவிளக்கு, மிக்ஸி, வெள்ளித்தட்டு அடுக்கு எதுவும் வேண்டாம். கொண்டுபோவது நீங்கள், திருப்பித் தூக்கி வருவது மணமக்கள். ஒரு படகு, ஒரு விமானம், எடைக் கட்டணம். மொய்யைக் கவரில் வைத்துக் கொடுங்கள், அல்லது ஊர் திரும்பி வரவேற்பில் கொடுங்கள். கையில் ரொக்கம் வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையில் இருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேவலை, யுபிஐ பெரும்பாலும் நடக்கும். ஆனாலும் தீவில் ஏடிஎம் விரல்விட்டு எண்ணக்கூடியவை, பணம் இல்லாமல் நிற்பதும் உண்டு. டிக்கெட்டுகளைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி விஷயம். படகில் ஏறும் இடத்தில் பலகை ஆடும், அதுதான் கடினமான இடம். நடப்பது கூடப் பெரிதில்லை. வரிசையில் முண்டாமல் ஊழியரிடம் முன்னாலேயே சொன்னால் கைத்தாங்கலாக ஏற்றிவிடுவார்கள். இருக்கையைப் படகின் முன்பக்கம் எடுக்காதீர்கள், அங்கேதான் தூக்கிப் போடும். நடுவிலோ பின்பக்கமோ பாருங்கள். தனியார் படகுகள் சிலவற்றில் வெளியே வந்து நிற்க முடியாது, மூடிய ஏசி அறைக்குள்தான். குமட்டல் வருகிறவர்களுக்கு அது கஷ்டம். மாத்திரையை வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட வேண்டும். பாட்டிக்கும் குழந்தைக்கும் எது கொடுக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். படகேறும் காலையில் பூரிக் கிழங்கு வேண்டாம், இரண்டு இட்லி போதும். பாட்டியின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் கூடுதலாக ஐந்து நாளுக்கு, கைப்பையில். ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிய வைத்தியம் என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான், அதற்கும் கடல் தாண்ட வேண்டும்.

மணல் ஈ என்று ஒன்று உண்டு. கண்ணுக்கே தெரியாது. காலையிலும் சாயங்காலமும் கடற்கரையில் உட்கார்ந்தால் கணுக்காலைச் சுற்றிக் கடிக்கும். அன்றைக்குத் தெரியாது, மறுநாள் சிவந்து தடித்து ஒரு வாரம் அரிக்கும். உள்ளூர்க்காரர்கள் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொள்கிறார்கள், நானும் அதைத்தான் செய்கிறேன். வெறும் மணலில் உட்காராமல் விரிப்பு போடுங்கள். மெஹந்தி போட்ட கையோடு காலைச் சொறிய முடியாமல் ஒரு பெண் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கடலில் இறங்குவதில் விளையாட்டு வேண்டாம். அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. ராதாநகர் பக்கத்தில் 2010இல் ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. குளிக்கும் இடம் குறித்து வைத்திருப்பார்கள், காவலர்கள் நிற்பார்கள். அந்த எல்லைக்குள், பகலில் மட்டும். கல்யாண ராத்திரி உற்சாகத்தில் இளவட்டங்கள் கடலுக்குக் கிளம்பும்போது நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

கிளம்பும் முன் குழந்தைகளின் பைகளைத் தட்டிப் பாருங்கள். பவளத் துண்டு, கரையில் செத்துக் கிடந்ததாக இருந்தாலும், எடுத்து வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சங்கு, சிப்பியிலும் பல அதே கணக்கில் வரும். போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டி எக்ஸ்ரேயில் போகும்போது அதையே தேடிப் பார்ப்பார்கள். என் பையனின் கால்சட்டைப் பையில் இருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு வந்தது. அதிகாரி அவனைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். துண்டை வாங்கி ஒரு பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டி ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது.

கடைசியாக, கேட்கக் கூச்சப்படும் விஷயம்: யார் எதற்குக் காசு கொடுக்கிறார்கள்? ஊரில் கல்யாணம் என்றால் மண்டபத்து அறையும் காலைக் காபியும் பெண் வீட்டார் பொறுப்பு, யாரும் கேட்பதே இல்லை. தீவுக் கல்யாணத்தில் அந்த வழக்கம் நிற்காது. சிலர் இரண்டு இரவு அறை போட்டுக் கொடுப்பார்கள், சிலர் சாப்பாடு மட்டும். உங்கள் பதினாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆள், மாமா வீட்டில் ஒரே ஓர் ஆள், இவர்கள் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளட்டும். அறை, சாப்பாடு, துறையில் இருந்து வண்டி, மூன்றையும் நேராகக் கேட்டுவிடுங்கள். மாமா தப்பாக நினைக்க மாட்டார், அவரும் அந்த ரிசார்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறார். வர முடியாதவர் யாராவது இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இங்கே மண்டபத்தில் நாலு இலை மிச்சமானால் யாராவது உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார்கள், அங்கே பூட்டிய அறைக்கும் வாடகை கட்ட வேண்டும்.

தேதி உறுதி என்றால் இந்த வாரமே வியாழன் காலைப் படகைப் பாருங்கள். முன்பதிவு இன்னும் திறக்கவில்லை என்றால் எந்த நாளில் திறக்கும் என்று கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். நேரம் தெரிந்ததும் விமானத்தைப் பார்க்கலாம். பாட்டிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான டிக்கெட் போடும்போதே எழுதிவிடுங்கள், நாற்காலியோடு போகிறவரைக் கூட்டத்தில் முதலில் உள்ளே விடுவார்கள், கூடவே ஒரு பேரனும் போகலாம்.